46,500 ரூபா போச்சு: பற்றரி ட்ரில் வாங்கப் போகிறவர்கள் வாசிக்கவும்

நேற்றுப் பின்னேரம் புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் இல்லை. இருந்த கோபத்தில் பஸ்ஸில் நாலு பேருக்கு நடுவில் நிற்க மனம் வரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மூன்று மாதத்துக்கு முன் 46,500 ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கிய பற்றரி ட்ரில். இன்றைக்கு அதை வைத்து ஒரு ஆணிகூடச் சுவரில் ஏற்ற முடியாது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புறக்கோட்டைப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடை, அவ்வளவுதான். இப்படியான கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நல்லவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

என் தொழில் வீடுகளின் ஜன்னல்களுக்குக் கேர்ட்டின் கம்பியும் பிளைண்ட்ஸும் பூட்டுவது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மாடிவீடுகளில்தான் கூடுதலான வேலை. பழைய வயர் மெஷினோடு ஏணியில் நின்றால், வயர் காலில் சுற்றும், பிளக் கழன்று விழும், வீட்டுக்காரரின் பூச்சாடி உடையும். ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடிய சின்ன பற்றரி மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஆசை. பெப்ரவரி கடைசியில் சீட்டு விழுந்தது. மனைவி வாஷிங் மெஷின் கேட்டாள். "முதலில் தொழிலுக்கு, அடுத்த சீட்டில் உனக்கு" என்று சொல்லிவிட்டு மார்ச் 3ஆம் திகதி காசோடு போனேன். அந்த வாக்கியத்தை அவள் இப்போது தினமும் எனக்கே திருப்பிச் சொல்கிறாள்.

நான் ஏமாந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடை முதலாளி என்னை உட்கார வைத்து பிளேன்ரீ எடுப்பித்தார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன வேலை, எந்தச் சுவர், ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டை என்றுதான் விசாரித்தார். பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு மெஷினை எடுத்து, வாசலில் கிடந்த பலகையில் வெண்ணெயில் கத்தி போவது போல மூன்று ஓட்டை போட்டுக் காட்டினார். "தம்பி, என் வீட்டிலயும் இதுதான். ஏதும் நடந்தா நேரா என்கிட்ட கொண்டு வாங்க. கம்பனி வாரண்டி ஒரு வருஷம். நான் எங்க ஓடப் போறேன்?" என்றார். விலை 48,000. நான் கேட்காமலே 1,500 குறைத்தார். அதில்தான் விழுந்தேன். கேட்காமல் குறைப்பவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஓட்டை போட்டுக் காட்டிய மெஷின் வேறு, எனக்குப் பெட்டியில் தந்தது வேறு என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. போட்டது பலகையில், சுவரில் அல்ல என்பதும்.

பெட்டியில் 21 வோல்ட் என்று பெரிதாக அடித்திருந்தது. 18 வோல்ட்டை விடப் பலமாக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு தெரிந்த விஷயம்: உள்ளே இருப்பது இரண்டிலும் ஐந்து செல். ஒரு செல் சாதாரணமாக 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18. முழுக்கச் சார்ஜ் ஏறியவுடன் ஒன்று 4.2, ஐந்தும் சேர்ந்தால் 21. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். இந்தக் கணக்கு தெரியாமல் எத்தனை பேர் மேலதிகமாகக் காசு கொடுத்திருப்பார்களோ.

முதல் வேலையே வெள்ளவத்தையில், ஏழாம் மாடி. மூன்றாவது ஓட்டை பாதியில் நிற்கும்போது மெஷின் "ங்ங்" என்று ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. பற்றரியை மாற்றினேன். அதுவும் இரண்டு நிமிடம். பிட்டைப் பிடித்திருக்கும் சக் ஆடியதில் பிட் வளைந்து ஓட்டை முட்டை வடிவத்தில் விரிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கீழே நின்று, "தம்பி, இண்டைக்கு முடியுமோ? பின்னேரம் ஆக்கள் வருகினம்" என்று கேட்கிறார். ஏணியில் நின்றபடி நான் என்ன பதில் சொல்ல? அந்த ஓட்டையை அடைக்கப் பூச்சுக் காசு என் கையால் போனது. அவர் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

மார்ச் 12 கடைக்குக் கொண்டு போனேன். முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கினார். "கம்பனிக்கு அனுப்புறேன், ஒரு கிழமை." ஒரு கிழமை மூன்று கிழமையானது. ஏப்ரல் 4 கையில் கிடைத்தது, சுவிச் மாற்றியிருக்கிறார்களாம். நான்கு நாள் ஓடியது. பிறகு அதே முனகல், அத்தோடு கருகின மணமும்.

இரண்டாம் தடவை கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, மெஷின் உடம்பைப் பூட்டியிருக்கும் ஸ்க்ரூவில் இரண்டின் தலை மேல், பாதி ஸ்க்ரூவிலும் பாதி பிளாஸ்டிக்கிலும் படுகிற மாதிரி ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலும் பொட்டு பிளந்துவிடும். ஏப்ரல் 10 கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் கேட்ட பதில்கள் வரிசைப்படி: புத்தாண்டு லீவு. லீவு முடிந்து டெக்னீசியன் ஊரிலிருந்து வரவில்லை. ஆமேச்சர், அதாவது மோட்டருக்குள் சுற்றும் பாகம், கப்பலில் வருகிறது. வெசாக் லீவு. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டு விழும், பதில் விழாது. ஒருநாள் நேரில் போனபோது கவுண்டரில் நிற்கும் பையன் என்னைக் கண்டதும் குனிந்து பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். பாவம், அவனை என்ன சொல்ல.

இந்த நாட்களில் எல்லாம் நாளுக்கு 1,500 ரூபா வாடகைக்கு மெஷின் எடுத்துத்தான் வேலை செய்தேன். அந்தக் கணக்கை நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நித்திரை வராது.

மே 19 திரும்பக் கிடைத்தது. பெட்டிக்குள் ஒரு துண்டு: "மோட்டர் மாற்றப்பட்டது, பரிசோதிக்கப்பட்டது." முதலாளி முன்னாலேயே மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு இரண்டும் வைத்தது வைத்தபடி. ஒரு கீறல் இல்லை. காற்றுப் போகும் துவாரத்தில் வெள்ளவத்தைச் சுவரின் வெள்ளைத் தூசிகூட அப்படியே இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றாமல் மோட்டர் மாற்றுகிற கம்பனி எந்த ஊரில் இருக்கிறது, விலாசத்தைத் தாருங்கள், நானே போகிறேன் என்றேன். "அது வெளியாட்களுக்குக் கொடுக்கிறதில்ல தம்பி" என்றார். அந்த மெஷின் ஐந்து கிழமையும் அவருடைய மேல்தட்டில்தான் தூங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். குரல் மாறியது. "நீங்க கொங்கிரீட்ல போட்டிருக்கீங்க. அதுக்கு வாரண்டி இல்ல." பெட்டியின் மேலேயே சுத்தியல் படம் இருக்கிறது, சுவரில் அடித்து ஓட்டை போடும் என்றுதானே அர்த்தம், ஐயா! எந்தச் சுவர் என்று பிளேன்ரீ தந்து கேட்டது யார்?

கொங்கிரீட்டுக்கு வேறு வகை மெஷின்தான் சரி என்று எனக்கும் தெரியும். அதை 46,500 ரூபா வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் போன கிழமை மருதானையில் ரிப்பேர் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் மெஷினைத் தொடவில்லை. பற்றரியின் மேல் 4.0 Ah (ஆம்பியர்-அவர், எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று எழுதியிருந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு பாரமில்லாமல் 4.0வா?" என்று கேட்டார். திறந்தார். ஐந்தே செல். மூன்று ஒரு நிறம், இரண்டு வேறு நிறம். அந்த இரண்டில் பழைய பசை ஒட்டியிருந்தது, ஈயம் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தார்கள். பழைய லேப்டொப்பில் கழற்றினதாக இருக்கும் என்றார். விரல் தடிப்பில் இருக்கும் அந்த ரகச் செல் ஒன்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்று, மூன்றரை Ahக்கு மேல் கொள்ளாதாம். 4.0 என்று எழுத வேண்டுமானால் இரண்டு வரிசையாகப் பத்து செல் வேண்டும். எனக்கு விற்றது அதில் பாதி, அதிலும் இரண்டு பழசு.

நேற்று அந்தச் செல்களை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பையைத் திறந்து மேசையில் வைத்தேன். முதலாளி ஒரு கணம் பார்த்தார். பிறகு கேட்டார்: "யார் கழற்றினது? கழற்றினா வாரண்டி முடிஞ்சுது."

வெளியே வந்து, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கும் நண்பருக்குப் போன் எடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்யலாம் என்றார். அப்புறம் பில் திகதியைக் கேட்டார். மார்ச் 3 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். நேற்று ஜூன் 8. ஐந்து நாள் பிந்திவிட்டேன். புத்தாண்டு லீவும் வெசாக் லீவும் கப்பலும் எதற்காக வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. அதுதான் நடந்து வந்தேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு, அவசரமாகச் சொல்கிறேன். "கம்பனிக்கு அனுப்பியிருக்கு" என்ற பேச்சை நம்பிக்கொண்டு நாளைப் போக்காதீர்கள். இரண்டாம் தடவை பழுதானதுமே அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் எடுங்கள், கடிதமும் எழுதிக் கொடுங்கள். பில்லில் மொடலும் இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் "ட்ரில் 1" என்று மட்டும் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் திகதி போட்ட துண்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. உங்களுக்குத் தரும் மெஷினையே, உங்களுக்குத் தரும் பற்றரியையே போட்டு, சுவரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பலகையில் வேண்டாம். பற்றரியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நெயில் பாலிஷ் பொட்டும் நல்லதுதான், ஆனால் அதைக் காட்டி நான் என்ன கண்டேன்?

இன்னும் எழுத இருந்தது. பம்பலப்பிட்டியில் பதினொரு மணிக்கு வேலை, பக்கத்து வீட்டு அண்ணனின் வயர் மெஷினை இரவல் வாங்கியிருக்கிறேன், ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.