டூட்டி சார்ட்டை சால்வரிடம் கொடுத்து இரண்டு வருடம்

புதுச்சேரி சேதராப்பட்டில் பாட்டில் மூடி தயாரிக்கும் ஒரு சிறிய மோல்டிங் யூனிட்டில் டூட்டி சார்ட் போடுவது என் வேலை. ஆட்கள் 22 பேர்; ஷிப்ட் காலை 6 (ஏ), மதியம் 2 (பி), இரவு 10 (சி). முன்பெல்லாம் சனிக்கிழமை மதியம் எக்செல்லைத் திறந்தால் மூடுவதற்குள் இருட்டிவிடும். இரண்டு வருடமாக, கூகுளின் ஓஆர்-டூல்ஸில் இருக்கும் சிபி-சாட் சால்வர்தான் போடுகிறது. விதிகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் விடையைத் தேடித் தரும் மென்பொருள் அது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

முதலில் ஒரு ஏஐ சாட்பாட்டிடம் நேராகச் சார்ட்டே கேட்டேன். அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் புதன் நைட்டில் ஓர் ஆள் குறைவு, ஒருவர் பெயர் ஒரே நாளில் இரண்டு ஷிப்டில். ஒருவருக்கு ஒரு நாளில் ஏ, பி, சி, ஆஃப் என்று நான்கு வாய்ப்பு. 22 பேருக்கு ஏழு நாள் கணக்குப் போட்டால் வரும் எண்ணுக்கு 93 இலக்கம். அதற்குள் தேடுவது சால்வரின் வேலை. ஒரு விதி உடைந்ததுமே அதைத் தொட்ட கோடிக்கணக்கான சார்ட்களை ஒரே வெட்டில் தள்ளிவிடும். ஆனால் விதியைத் தமிழில் சொன்னால் பைத்தான் கோடாக எழுதித் தருவதில் சாட்பாட் கெட்டி. எனக்குப் புரோகிராமிங் வராது. அதனால் ஒவ்வொரு புது விதியையும் நான்கு பேரை மட்டும் வைத்து ஓட்டி, கையால் சரிபார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன்.

முதல் சார்ட் சில நொடியில் வந்தது. வாரம் 48 மணி நேரம், வார விடுமுறை எல்லாம் சரி. ஒட்டிய அரை மணியில் ஒருவர் வந்துவிட்டார். "சார், ராத்திரி பத்துக்கு விட்டு காலையில ஆறுக்கு வரச் சொல்லியிருக்கீங்க. எப்ப தூங்குறது?" பி-க்கு மறுநாள் ஏ கூடாது என்று நான் எழுதவே இல்லை, கையால் போட்ட காலத்தில் அது ஒரு விதி என்றே தோன்றியதில்லை. அடுத்து, பாகூரிலிருந்து ஒரே பைக்கில் வரும் இருவரைப் பிரித்துப் போட்டது. நவம்பர் 1 இன்னொன்று. புதுச்சேரிக்கு அது விடுதலை நாள். வானூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கோ ஊரில் அன்று லீவு கிடையாது, வேறொரு நாள் கொடுத்தால் சந்தோஷம்.

என்னை அதிகம் படுத்தியது திடீர் லீவுதான். ஒருவருக்குக் காய்ச்சல் என்று மறுபடி ஓட்டினால் ஒன்பது பேருடைய டூட்டி மாறி வந்தது. கணக்குக்கு இரண்டு சார்ட்டும் ஒன்றுதான், ஆட்களுக்கு அப்படியா? இப்போது ஒட்டிய சார்ட்டில் ஒரு டூட்டி மாறினால் 20 புள்ளி அபராதம், தொடர்ந்து நான்காவது நைட்டுக்கு 15, பைக் ஜோடியைப் பிரித்தால் 8. மொத்த அபராதம் குறைவாக வரும்படி சால்வர் போடும். (முழு எண்தான் வாங்கும், ஒன்றரைப் புள்ளி எல்லாம் செல்லாது.) எட்டா பன்னிரண்டா என்பதை டீக்கடையில் பேசித்தான் முடிவு செய்தோம்.

மாட்டுப் பொங்கல் வாரம் ஓட்டியபோது 'சாத்தியமில்லை' என்று ஒற்றை வார்த்தை. எந்த விதி இடிக்கிறது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் போனது. அப்புறம், ஷிப்டுக்கு இத்தனை பேர் என்பதையும் பெரிய அபராதத்தோடு தளர்த்தி ஓட்டினேன். மாட்டுப் பொங்கல் அன்று நைட்டுக்கு இரண்டு ஆள் குறைவு. எப்படிப் போட்டாலும் அதைவிடக் குறைக்க முடியாது என்றும் உறுதி சொன்னது. முன்பெல்லாம் இதற்கு மேனேஜரின் பதில், "எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்க." இந்தத் தடவை தாளை அவர் மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று இரவு ஒரு மெஷினை நிறுத்திவிட்டோம்.