வெளிநாட்டு ரசிகர் மாநாட்டுக்கு அழைக்கிறார்களா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"எங்கள் மாநாட்டுக்கு கௌரவ விருந்தினராக வாருங்கள். விமான டிக்கெட்டை நீங்களே போட்டுவிடுங்கள், வந்து இறங்கியதும் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்." அறிவியல் புனைகதை எழுதும் யாருக்காவது இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், டிக்கெட் போடாதீர்கள். ஐரோப்பாவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூடி நடத்திய ஒரு மாநாட்டுக்கு என்னை இப்படித்தான் அழைத்தார்கள். இன்றுவரை ஒரு பைசா திரும்பி வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரும்வரை அவர்கள் பெயரைப் பொதுவில் எழுத முடியாது.

அழைப்புக் கடிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு என்ற வரியும் இருந்தது. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக ஹோட்டல் முன்பதிவுத் தாள் ஒன்றும் அனுப்பினார்கள். அந்தத் தாளைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். என் பெயர், தேதிகள், அறை எல்லாம் அதில் சரி. பணம் கட்டியாகிவிட்டது என்று மட்டும் எங்கும் இல்லை. அடியில் பொடி எழுத்தில், கட்டணமின்றி ரத்து செய்துகொள்ளலாம் என்று இருந்தது. விசா வந்ததை நான் தெரிவித்த பிறகு அதை ரத்து செய்துவிட்டார்கள், என்னிடம் சொல்லவில்லை. இரவில் பெட்டியோடு போய் நின்றபோது வரவேற்பில் இருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர் இருந்தது, பக்கத்தில் ரத்தான தேதியும் இருந்தது. மாநாட்டுக்காரர்களுக்குப் போன் செய்தால், "இன்றைக்கு நீங்கள் கட்டிவிடுங்கள், காலையில் பேசிக்கொள்ளலாம்" என்றார்கள்.

காலையில் பார்த்தால் நிகழ்ச்சி நிரலில் என் உரையே இல்லை. விற்பனைக் கூடத்தில் ஒரு மேசையைக் காட்டி, புத்தகம் விற்பதென்றால் அதற்கு வாடகை கட்ட வேண்டும் என்றார்கள். வாசலில் என் படம் போட்ட பதாகை நின்றுகொண்டிருந்தது. ஒரு கல்லூரி மாணவன் என் சிறுகதை ஒன்றை இணையத்திலிருந்து அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தான். எழுத்தாளர் சந்திப்புக்கென்று தனிச் சீட்டு வாங்கியிருக்கிறான். "உங்கள் பேச்சு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. என் பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் பெயரைக் காட்டி அந்தப் பையனிடமும் காசு பறித்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் இழுத்தடிப்பு தொடங்கியது. முதலில் போர்டிங் பாஸின் அசல் வேண்டும் என்றார்கள், அனுப்பினேன். அப்புறம் கணக்கு முடிக்கும் வேலை நடக்கிறது என்றார்கள். அப்புறம் பதிலே இல்லை. வங்கியில் முறையிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நான் பணம் கட்டியது விமான நிறுவனத்துக்கும் ஹோட்டலுக்கும். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். மேசை வாடகை ஒன்றுதான் மாநாட்டுக்காரர்கள் கைக்கு நேரடியாகப் போனது. அதை மட்டும்தான் வங்கி விசாரிக்கும்.

இதனால் ரசிகர் மாநாடுகளையே சந்தேகப்பட வேண்டாம். 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதை மாநாடான வொர்ல்ட்கானை இன்றும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். 2023இல் செங்டு, 2024இல் கிளாஸ்கோ, 2025இல் சியாட்டில் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பேசுகிற எழுத்தாளர்களில் பெரும்பாலோர் உறுப்பினர் கட்டணத்தையும் பயணச் செலவையும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கௌரவ விருந்தினராக அறிவிக்கப்படும் சிலருக்கு மட்டும் மாநாடே செலவு செய்யும். ரசிகர்கள் நன்கொடை போட்டு, வாக்களித்து, ஒரு ரசிகரை அட்லாண்டிக்கின் மறுகரை மாநாட்டுக்கு அனுப்பிவைக்கும் 'டாஃப்' நிதி 1953இலிருந்து இருக்கிறது. எவ்வளவு அழகான வழக்கம்! அந்த நம்பிக்கையைத்தான் இந்த மாதிரி ஆட்கள் காசாக்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதெல்லாம் நடந்திருக்கிறது. 2014இல் இல்லினாயில் நடந்த டாஷ்கான் என்ற ரசிகர் மாநாட்டில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஹோட்டலுக்குக் கட்ட 17,000 டாலர் வேண்டும் என்று வந்திருந்த ரசிகர்களிடமே கேட்டார்கள். 2018இல் பால்டிமோரில் நடக்கவிருந்த யுனிவர்சல் ஃபேன்கான் என்ற ரசிகர் மாநாட்டை ஒரு வாரம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

ஆகவே அழைப்பு வந்தால், விமான டிக்கெட்டை அவர்களையே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டு, என் பெயரில் அறை இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா, யார் கட்டினார்கள் என்று கேளுங்கள். விசா வந்த பிறகு இன்னொரு முறையும் கேளுங்கள். சில நேர்மையான சிறு மாநாடுகளும் செலவைப் பிறகுதான் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. அப்படியென்றால் போன வருட விருந்தினர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, பணம் வந்துசேர்ந்ததா என்று அவர்களிடமே விசாரியுங்கள். பெயர் தரத் தயங்கினால் போகாதீர்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் 1998இலிருந்து இயங்கும், எழுத்தாளர்களை ஏமாற்றும் மோசடிகளைப் பற்றி எச்சரிக்கும் 'ரைட்டர் பிவேர்' தளத்திலும் தேடிப் பாருங்கள்.

என்னை அழைத்தவர்கள் அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். ஐரோப்பாவிலிருந்து உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அவர்கள்தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.