பள்ளியில் சமையல் கற்பித்தல்: அடுப்புடனா, அடுப்பில்லாமலா?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சத்துணவும் சமையலும் கற்பிக்க, பெரம்பூரில் நான் பணியாற்றும் பள்ளியில் மூன்று வழிகளை ஆராய்ந்தோம்: உணவியல் நிபுணரின் சொற்பொழிவு, அடுப்பில்லாச் சமையல், இண்டக்‌ஷன் அடுப்புகளுடன் வாராந்தர வகுப்பு. தேர்ந்தெடுத்தது மூன்றாவதை, என் சாய்வும் அதன் பக்கமே.

சொற்பொழிவுக்குச் செலவு குறைவு. ஆனால் நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பது வேறு. அந்த ஒரு தேக்கரண்டி உப்பை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, குழம்பையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் அதற்குள் அடக்க முயல்வது வேறு. அடுப்பில்லாச் சமையலில் தீக்காய அச்சமில்லை. எனினும் துவரம்பருப்பு, கீரை, முட்டை, கேழ்வரகு என நம் வீடுகளின் சத்தான உணவுகளில் பெரும்பாலானவை அதில் இடம்பெறவே முடியாது.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 2000 வாட் மின்சாரம் இழுப்பதால், 15 ஆம்பியர் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் தேவை. அந்தச் செலவு ஒருமுறைதான். அலுமினியப் பாத்திரம் அதில் சூடேறாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஓயாமல் கவனிப்பைக் கேட்பது அடுப்பன்று, சேர்த்து வைக்கும் மளிகைதான். சென்னையின் புழுக்கத்தில் ரவையில் வண்டு வைக்கும், அலமாரியில் கரப்பான் புகும். ஆகவே உப்பு, எண்ணெய், மஞ்சள்தூள் தவிர எதையும் நாங்கள் இருப்பு வைப்பதில்லை. அன்று காலையில் வாங்கியது அன்றே தீர வேண்டும். எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடுவதும், பாத்திரம் கழுவித் துடைத்து அடுக்குவதும் பாடவேளைக்குள்ளேயே, ஆண் பெண் வேறுபாடின்றி நடைபெறுவதால், பராமரிப்பே பாடத்தின் பாதியாகிவிட்டது. முருங்கைக்கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி உதவும் என்பதையும், கொதியில் அது குறையுமாதலால் இறக்கிய பிறகே பிழிய வேண்டும் என்பதையும் இந்த வகுப்பில்தான் செய்து காட்ட முடிகிறது.

எங்கள் பிரிவுகள் சிறியவை. நாற்பது பேருக்கு மேல் உள்ள வகுப்பில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடக்கூடும். அங்கு இது எவ்வாறு நடக்கும் என்று என் அனுபவத்தைக் கொண்டு உறுதி கூற இயலாது. மின்வசதி செய்ய முடியாத பள்ளிகளுக்கு அடுப்பில்லாச் சமையலே பொருந்தும். அப்போது பிஸ்கட்டையும் இனிப்பூட்டிய பாலையும் முற்றிலும் விலக்கி, நனைத்த அவல், ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் மாங்காயும் தேங்காயும் சேர்த்த கோசுமல்லி ஆகியவற்றிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.