வெள்ளவத்தையில் ஒரு புத்தகசாலையும் அதன் ‘அறிவியல் புனைவு’ இறாக்கையும்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது இந்தப் புத்தகசாலை. ‘அறிவியல் புனைவு’க்கென்று தமிழில் தனி இறாக்கை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடந்த மூன்று கிழமைகளில் நான்கு தடவை படியேறினேன். கொழும்பில் தமிழ் நூல்களுக்கு அப்படியொரு பிரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை என்பதால், கடையைப் பற்றிய என் மதிப்பீடு பெரும்பாலும் அந்த ஓர் இறாக்கையைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

முதலில் பெயர். நாம் பாடசாலையில் படித்தது விஞ்ஞானம். அறிவியல் என்பது தமிழ்நாட்டு வழக்கு. நான் நின்ற வேளையில் வந்த ஒரு மாணவி “விஞ்ஞானக் கதைப் புத்தகம் இருக்கா அண்ணா?” என்று கேட்டதும், பணியாளர் அவரைப் பாடநூல் பக்கம் அனுப்பிவிட்டார். இதைப் பெரிய குற்றமென்று சொல்ல மாட்டேன், ஏனெனில் இறாக்கையே அந்தக் குழப்பத்தில்தான் நிற்கிறது. மேல் தட்டில் நாவல்கள். அடுத்ததில் கருந்துளையையும் மரபணுவையும் விளக்கும் கட்டுரை நூல்கள். அதற்குக் கீழே க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான வினாத்தாள் தொகுப்புகள். அடித்தட்டில், ஆவியொன்று கணினித் திரையில் தோன்றிப் பழிவாங்கும் வகைக் கதைகள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை இங்கே தேடி ஏமாந்தேன். அது எழுத்தாளர் பெயர் வரிசையில், துப்பறியும் கதைகளோடு கிடந்தது.

வகைப்படுத்தலுக்கு என்ன அளவுகோல் என்று பொறுப்பாளரிடம் கேட்டபோது, “ஆக்கள் எங்க தேடுகினமோ அங்க வைக்கிறம் ஐயா” என்றார். சிரிப்பு வந்தாலும், டேமன் நைட் என்ற அமெரிக்க விமர்சகர் இதையொத்த ஒன்றைத்தான் சொன்னார்: எதைச் சுட்டி அப்பெயரால் அழைக்கிறோமோ, அதுவே அறிவியல் புனைவு. ஆனால் இந்த அளவுகோலின்படி, தேடத் தெரிந்தவருக்கு மட்டுமே நூல் அகப்படும். அந்த மாணவிக்கு அகப்படவில்லை.

கருவிகளை வைத்து வகை பிரிப்பதுதான் இந்தக் கடையின் அடிப்படைத் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கணினி வந்தால் அறிவியல், மன்னர் வந்தால் வரலாறு, பிணம் வந்தால் துப்பறிதல் என்று பிரித்தால், ஆவி கணினிக்குள் புகுந்ததுமே அறிவியலாகிவிடுகிறது. டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1970களில் முன்வைத்த வரையறை இதைவிடப் பயனுள்ளது. நாம் வாழும் உலகில் இல்லாத ஒரு புதுமையைக் கதை கொண்டுவர வேண்டும். அந்தப் புதுமை நமக்குப் பழகிய உலகை அந்நியமாக்க வேண்டும். ஆனால் அதன் விளைவுகள் அறிவுக்குப் பொருந்தும் தருக்கத்தோடு விரிய வேண்டும். அடித்தட்டு ஆவிகள் இந்த மூன்றாவது படியில் விழுந்துவிடுகின்றன. ஆவி எப்படித் திரைக்குள் வந்தது என்று அந்தக் கதைகளில் எவரும் கேட்பதில்லை. சுவினின் வரையறை இறுக்கமானது என்ற குறை உண்மைதான். நல்ல மாயக்கதைகளை அது தாழ்த்தி வைக்கிறது. தொல்காப்பியர் இவ்விடத்தில் இன்னும் தாராளமானவர்: திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதை அவர் விலக்கவில்லை; நிலங்கள் மயங்குவதைத்தான் ஏற்கவில்லை.

நிலம் என்றதும் ஆர்தர் சி. கிளார்க் நினைவுக்கு வருகிறார். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்து, பொரளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1979இல் வெளிவந்த அவருடைய ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் இலங்கை ‘தப்ரபேன்’ என்ற பெயரில் வருகிறது. தீவை ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, நிலநடுக்கோட்டின் மேல் வைத்துவிடுகிறார். விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கிக் கோபுரத்தைத் தாங்கும் கம்பி, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழலும் பாதையிலிருந்து இறங்க வேண்டும். அந்தப் பாதையோ நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் அமையும். ஒரு மாயக்கதை ஆசிரியர் தீவை நகர்த்தாமலே கோபுரத்தை எழுப்பியிருப்பார். கிளார்க்கால் அது இயலவில்லை. இரு வகைகளுக்கும் இடையிலான கோட்டை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய நூல் வேறில்லை. இத்தனைக்கும் அதே நாவலில் சீகிரியாக் காசியப்பனை ஒத்த ஒரு மன்னனின் கதையும் ஓடுகிறது.

அந்த நூலின் ஆங்கிலப் பிரதியொன்று இங்கே இருக்கிறது, ஆனால் அறிவியல் புனைவு இறாக்கையில் இல்லை. ‘இலங்கை: வரலாறும் சுற்றுலாவும்’ என்ற பிரிவில், அநுராதபுர வழிகாட்டி நூலுக்கும் தேயிலைத் தோட்டப் படத்தொகுப்புக்கும் நடுவே கண்டெடுத்தேன்.

மற்றவை சுருக்கமாக. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களின் அச்சு விலையை ஐந்தால் பெருக்கி விற்கிறார்கள். 300 இந்திய ரூபாய் நூலுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். அமர்ந்து புரட்ட இரண்டு கதிரைகள் உண்டு, எழுப்பிவிட எவரும் வருவதில்லை. பணியாளர்கள் பொறுமையானவர்கள். சுஜாதாவை இடம் மாற்றலாமே என்று நான் சொன்னதைப் பொறுப்பாளர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். நான்காவது தடவை சென்றபோது ‘என் இனிய இயந்திரா’ மேல் தட்டுக்கு வந்திருந்தது. வினாத்தாள்கள் மட்டும் அசையவில்லை. பரீட்சை முடியும்வரை அவைதான் விற்கும் என்றார்.

கிளார்க்கை வாங்கிக்கொண்டேன். பற்றுச்சீட்டில் நூற்பெயருக்கு எதிரே ‘சுற்றுலா’ என்று அச்சாகியிருந்தது.