டேவிடாஃப் கியூபச் சுருட்டு வாங்குவோர், பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

"1987இல் ஹவானாவில் சுற்றிய டேவிடாஃப் நம்பர் 1, இருபத்தைந்தும் அப்படியே இருக்கின்றன" என்று ஜெனீவாவைச் சேர்ந்த ஒரு தனி விற்பனையாளர் சொன்னதை நம்பி, 3,200 பிராங்க் கொடுத்து ஏமாந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தச் சுருட்டின் மீது சேகரிப்பாளர்களுக்கு ஏன் இத்தனை மோகம் என்பதில்தான் மோசடியின் வேரும் இருக்கிறது. 1968இல் ஜெனீவா வணிகர் ஸீனோ டேவிடாஃபின் பெயரில் அறிமுகமான இவை, கியூபாவின் பேர்போன கோஹிபா சுருட்டுகள் சுற்றப்பட்ட ஹவானாவின் எல் லகீட்டோ தொழிற்சாலையிலேயே கையால் சுற்றப்பட்டவை. நம்பர் 1 என்பது 192 மில்லிமீட்டர் நீளத்தில் ஒல்லியாக, நுனியில் குடுமி முடிந்ததுபோல் ஒரு முறுக்கோடு இருக்கும். தரம் பற்றிக் கியூபாவோடு பூசல் முற்றி, 1989இல் டேவிடாஃப் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுருட்டுகளைக் கொளுத்திய பிறகு, 1990களின் தொடக்கத்தில் கியூபத் தயாரிப்பு அடியோடு நின்று, அந்தப் பெயர் டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டது. ஆகவே மிச்சமிருப்பதில் ஒன்று புகைந்தால் ஒன்று குறைகிறது, விலை ஏறுகிறது, போலியும் முளைக்கிறது.

எனக்கு அனுப்பிய படங்களில் மூடியும், வெள்ளைப் பட்டை அணிந்த சுருட்டுகளும் மட்டுமே இருந்தன. அடிப்பக்கத்தைக் கேட்டபோது, பழைய மரம், அடிக்கடி புரட்டினால் கெட்டுவிடும் என்றார். (நானும் தலையாட்டினேன்.) பெட்டி வந்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். தேதிக் குறியீடு ஓ-ஏ-யு-சி என்று ஒழுங்காகவே இருந்தது. 1985 முதல் வழக்கிலிருந்த 'நிவெலாகூசோ' (NIVELACUSO) என்ற பத்தெழுத்துச் சொல்லில் என் 1, ஐ 2 என்று எண்ணிக்கொண்டே போய், கடைசி ஓ-வைச் சுழியமாகக் கொண்டால், அது 06-87, அதாவது 1987 ஜூன் என்றாகும். ஆனால் அதே பலகையில் கியூபச் சுருட்டுகளை விற்கும் நிறுவனமான 'ஹபானோஸ் எஸ்.ஏ.'வின் சூட்டு முத்திரையும் இருந்தது. அந்த நிறுவனத்தின் முத்திரை பெட்டிகளில் வந்தது 1994இல். அதற்கு முன் இருந்தது கியூபாதபாகோ என்ற அரசுப் புகையிலை நிறுவனத்தின் முத்திரை. கியூபா டேவிடாஃப் சுற்றுவதை நிறுத்திய பின் பிறந்த முத்திரை, 1987ஆம் ஆண்டுப் பெட்டியில் எப்படி ஏறும்?

ஐயம் தீர, ஒரு சுருட்டை நெடுக்காகக் கீறினேன். தலை முதல் கால் வரை நீண்டு கிடக்க வேண்டிய முழு இலைகளுக்குப் பதிலாக, நறுக்கிய தூள் மேசையில் கொட்டியது.

முத்திரையைச் சுட்டிக்காட்டியதற்கு, பின்னாளில் வேறு பெட்டிக்கு மாற்றியிருப்பார்கள் என்றார். குறியீடு மட்டும் பழையதாக இருப்பது எப்படி என்றதற்குப் பதிலே இல்லை. பணத்தை நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பச் சொல்லியிருந்ததால், வங்கியும் கையை விரித்துவிட்டது. மூடியின் வலது ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கீறல் உள்ள என் பெட்டியின் படம், சென்ற வாரம் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. பெட்டியோ என் அலமாரியில் இருக்கிறது.