இரத்தக்கட்டிக்கு மருந்தா, பில்டரா?

ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்தபோது கால் நாளத்தில் இரத்தம் கட்டிவிட்டது. அது கழன்று நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்கலாம் என்றால் வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அப்போதுதான், கட்டியை நுரையீரலுக்குப் போகவிடாமல் நாளத்துக்குள் வைத்து மறிக்கும் பில்டர் பற்றிய பேச்சு வந்தது.

மருந்து ஒத்துக்கொள்ளும் ஆளுக்கு அதுவே போதும். முதலில் எனொக்ஸபரின் ஊசி, அப்புறம் வார்ஃபரின் குளிசை. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு, பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று வல்லாரை, முருங்கையிலையை ஒதுக்கத் தேவையில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி. மருந்தோடு தற்காலிக பில்டரும் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பிரான்ஸில் 399 பேரை வைத்து அதையே சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவு: கூடுதல் பலன் இல்லை.

ஆகவே பில்டர், பெரியம்மாவைப்போல மருந்து எடுக்கவே முடியாதவர்களுக்குத்தான். குடைக்கம்பி போன்ற சின்னக் கூடு அது. கழுத்து அல்லது தொடை நாளத்தால் உள்ளே விட்டு, சிறுநீரக நாளங்களுக்குக் கீழே பெருநாளத்தில் விரிக்கிறார்கள். கட்டியைக் கரைக்காது, புதுக்கட்டி வராமலும் தடுக்காது. மேலே போகிறதை மட்டும் மறிக்கும்.

நிரந்தரமாகவே போட்டுவிட்டால் அலைச்சல் இல்லை என்று மச்சாள் சொன்னா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிரந்தர பில்டர் போட்டவர்களை இரண்டு வருடம் கவனித்த ஆய்வில், 100க்கு 21 பேருக்குக் காலில் மறுபடி இரத்தம் கட்டியது. போடாதவர்களில் 12 பேருக்குத்தான். கம்பி சரியலாம், முறியலாம், நாளச்சுவரைத் துளைக்கலாம். இனி ஒருபோதும் மருந்து எடுக்க முடியாதவர் என்றால் அது வேறு கதை.

ஆனால் தற்காலிக பில்டரையும் கழற்றாவிட்டால் அதுவும் நிரந்தரம்தான். ஆபத்து நீங்கியவர்களுக்கு, போட்டதிலிருந்து 29 முதல் 54 நாளுக்குள் கழற்றுவதன் நன்மை மேலோங்கத் தொடங்குகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014இல் சொன்னது. கொழும்பில் பில்டர் போட்டு, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது, கழற்றும் திகதி பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. மச்சாள்தான் திரும்ப உள்ளே போய், விடாமல் கேட்டு, திகதியைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டு வந்தா.

புண் ஆறி, ஊசி தொடங்கி, நாற்பத்தோராம் நாள் கழுத்தால் கழற்றினார்கள். அன்றிரவே மட்டக்களப்பு ரயிலில் ஏறிவிட்டோம்.