வாடகைச் சைக்கிளில் வலிகாமம்: எடுக்கலாமா?

யாழ்ப்பாண நகரில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண சைக்கிள், நகருக்கு வடக்கே உள்ள வலிகாமம் பகுதியைச் சுற்றத் தாராளமாகப் போதும். தரை சமம், கியருக்குக் கூடுதல் காசு வீண். எடுக்கும்போது பிரேக் கட்டை, செயின், பின் ரயரின் தேய்வு மூன்றையும் பாருங்கள். ஒழுங்கைகளில் நெருஞ்சி முள் கிடக்கும். தேய்ந்த ரயர் என்றால் ரியூப் தாங்காது. பம்பும் ஒட்டுத்துண்டும் கேட்டு வாங்குங்கள்.

சுன்னாகம் வழியாக முதலில் கந்தரோடை என்ற பழைய பௌத்தத் தலம். வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1910களில் ஆராய்ந்த இடம். முருகைக்கல் (பவளக்கல்) தூபிகள் சின்னஞ்சிறியவை, கூட்டமாக நிற்பதுதான் அவற்றின் அழகு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

அடுத்து தோலகட்டி. 1928இல் தொடங்கிய கத்தோலிக்க ஆசிரமத்துத் துறவிகளின் முந்திரிகை வைனும் நெல்லி ரசமும் அவசியம் வாங்க வேண்டியவை. போயா (பௌர்ணமி) நாளில் மது விற்பனைக்குத் தடை, நாட்காட்டியைப் பாருங்கள். போத்தலைத் துணியில் சுற்றிப் பையில் வையுங்கள். கரியரில் கட்டினால் குலுக்கலில் உடையும்.

நிலாவரைக் கிணற்றை எட்டிப் பாருங்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று, நகருக்குத் திரும்பும்போது நேரே முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் திரும்பும் வழிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.